சத்தத்தை அணைத்துவிட்டு இங்கிலீஷ் படித்தோம்

உண்மையைச் சொல், நீ கடைசியாக ஒரு வீடியோவை ஓட்டித் தள்ளாமல் முழுசாகப் பார்த்தது எப்போது?

எனக்கு நினைவே இல்லை. எங்கள் ஆபீஸில் அவ்வப்போது பயிற்சி வீடியோ என்று ஒன்றை அனுப்புவார்கள். தீப்பிடித்தால் எந்தப் படிக்கட்டு, பாஸ்வேர்டை யாரிடம் சொல்லக்கூடாது, இந்த மாதிரி சமாசாரம். இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு நான் பாட்டுக்கு வேறு வேலை பார்ப்பேன். போன வாரம் அப்படி ஓடிக்கொண்டிருந்தபோது ஹெட்போன் செத்துப்போனது. கோட்டுப் போட்ட ஓர் ஆள் திரையில் வாயை மட்டும் அசைக்கிறார், கையை விரிக்கிறார், தனக்குத்தானே தலையாட்டிக்கொள்கிறார். என்னையறியாமல் நான் அவருக்குக் குரல் கொடுக்க ஆரம்பித்துவிட்டேன். "டியர் ஃப்ரெண்ட்ஸ், ஐ ஆம் ஸ்டேண்டிங் ஃபார் ஒன் அவர். மை லெக் இஸ் பெயினிங்." பக்கத்து சீட்டுக்காரன் நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தான். "யார்கிட்ட பேசிட்டு இருக்க நீ?"

அவன் கோயம்புத்தூர்ப் பையன். அவனிடம் எங்கள் இங்கிலீஷ் டீச்சர் பர்வீன் மிஸ் என்று ஆரம்பித்தால் திருவொற்றியூரிலிருந்து சொல்ல வேண்டும். அவனுக்கு நேரமில்லை. உனக்கு இருக்கிறது, உட்கார்.

எங்கள் பள்ளிக்கு ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ரோடு. பத்தாம் வகுப்பு பி பிரிவு ரோட்டுப் பக்கம். ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள். 'போகும்' என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. நிற்கும். காலை பிரேயரில் பார்த்த அதே லாரி சாப்பாட்டு பெல் அடிக்கும்போது பத்தடி தள்ளி நின்றுகொண்டிருக்கும். டிரைவர் ஸ்டவ் பற்றவைத்துச் சமையலே முடித்திருப்பார். வரிசை ஓர் அங்குலம் நகர்ந்தால் போதும், பின்னால் இருக்கிற அத்தனை பேரும் ஹாரனில் கையை வைத்துவிடுவார்கள். இந்த ஊரில் பாடம் நடத்திய டீச்சர்கள் எல்லாருக்கும் தொண்டை நரம்பு தனியாகத் தெரியும்.

பர்வீன் மிஸ் வண்ணாரப்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருவார். அப்போது அவருக்கு இருபத்தாறு வயதுதான் இருந்திருக்கும், நாங்கள் என்னவோ அவர் ரொம்பப் பெரியவர் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். எனக்கு இப்போது இருபத்தைந்து. நாளைக்கு என்னை நாற்பத்து மூன்று பேர் முன்னால் நிறுத்தினால் நான் ஜன்னல் வழியாக லாரியில் ஏறித் தப்பித்துவிடுவேன்.

மிஸ்ஸிடம் சொந்தமாக ஒரு லேப்டாப் இருந்தது. மூடி நிற்காது, பின்னால் சாக்பீஸ் டப்பாவை முட்டுக் கொடுக்க வேண்டும். வீட்டில் வீடியோக்களை இறக்கி பென்டிரைவில் போட்டு எடுத்து வருவார், ஏனென்றால் பள்ளியில் நெட் என்பது ஹெட்மாஸ்டர் ரூமில் மட்டும் வாழ்ந்த ஒரு ஜீவன். ஆண்டு விழாவுக்கு வாங்கிய புரொஜக்டர் ஒன்று பீரோவில் கிடந்தது. மிஸ் கையெழுத்துப் போட்டு அதை எடுத்து வருவார். திரை கிடையாது, சுவர்தான். அந்தச் சுவரில் பெயின்டில் பெரிய எழுத்தில் 'ஒழுக்கம்' என்று எழுதியிருந்ததால், வீடியோவில் வருகிற ஒவ்வொரு வெள்ளைக்காரனுக்கும் நெற்றியில் ஒழுக்கம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

வெளிச்சத்தை மறைக்க ஜன்னலுக்கு ஒரு தார்ப்பாய். அதன் வாசனையை இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும்: டீசல், உப்பு, என்றைக்கோ அதில் காய்ந்த நெத்திலி. புரொஜக்டர் சூட்டில் பத்து நிமிஷத்தில் அது வகுப்பு முழுக்க எழும்பி வரும். நான் டிகிரி வாங்கி ஆபீஸ் ஏசியில் உட்கார்ந்திருந்தாலும், யாராவது டிபன் பாக்ஸில் கருவாட்டைத் திறந்தால் எனக்கு முதலில் இங்கிலீஷ்தான் ஞாபகம் வரும்.

அந்தத் தார்ப்பாயைக் கொண்டு வந்தவன் தீபன். கடைசி பெஞ்ச். அப்பா காசிமேட்டில் மீன்பிடி லாஞ்சு ஓட்டுகிறவர், ஒரு தடவை கடலுக்குப் போனால் பத்து நாள். மாமாவுக்கு அங்கேயே ஐஸ் கடை. தீபன் வகுப்பில் வாயைத் திறந்து நாங்கள் பார்த்ததில்லை. வருகைப் பதிவுக்குக்கூடக் கையைத்தான் தூக்குவான்.

முதல் வீடியோ லண்டன் தெரு. ஒருத்தர் நடந்துகொண்டே பேசினார். லேப்டாப் ஸ்பீக்கர் கொசு மாதிரி ரீங்கரித்தது, வெளியே லாரிகள் கச்சேரி.

"மிஸ், இவுருக்கு இன்னா பல்லு வலியா?"

"வாய்ல பீடா கீது மிஸ். துப்ப சொல்லுங்க."

மிஸ் சத்தத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தார், ஏற்கெனவே அது கடைசிக்குப் போயிருந்தது. அப்புறம் என்ன தோன்றியதோ, ஒரே அழுத்தாக அழுத்திச் சத்தத்தை மொத்தமாக அணைத்துவிட்டார். "சரிப்பா. அவர் பேசறது தான உங்களுக்குக் கேக்கல? நீங்களே பேசுங்க. அவர் வாய் அசையறப்பல்லாம் ஒருத்தர் எழுந்து இங்கிலீஷ்ல எதாவது சொல்லணும். தப்பா இருந்தா பரவால்ல. சும்மா இருந்தாதான் தப்பு."

வாரத்துக்கு இரண்டு பீரியட் இப்படித்தான் போனது. ஒரு நாள் பென்குவின். ஐஸ் மேல் வரிசையாக நடக்கிறது, ஒன்று வழுக்கி விழுகிறது. நான் அப்போது இங்கிலீஷில் முதல் மார்க், அதாவது கட்டுரைகளை முழுங்கி முழுங்கிக் கக்குவதில் முதல். சிலிர்த்துக்கொண்டு எழுந்தேன். என்னிடம் கைவசம் இருந்தது பசுவைப் பற்றிய கட்டுரை. "தி பென்குவின் இஸ் எ யூஸ்ஃபுல் அனிமல். இட் கிவ்ஸ்..." என்று ஆரம்பித்து, பாலுக்கு வந்ததும் நின்றுவிட்டேன். மிஸ் சிரிப்பை அடக்கக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல். "ஒன் பேர்ட் இஸ் ஃபாலிங். நோபடி இஸ் ஹெல்ப்பிங். ஓவர்."

தீபன்! எழுந்து நின்றிருந்தான். வகுப்பே வெடித்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதலில் சிரித்தது நான்தான். "ஓவரா? இன்னாடா, கிரிக்கெட் ஆடறியா?"

மிஸ் கையைத் தூக்கி எங்களை அடக்கினார். "ஓவர் ஏன் சொன்ன தீபன்?"

அவன் தலையைச் சொறிந்தான். "பேசி முட்ச்சா சொல்லணும் மிஸ். மாமா கடைல ஒயர்லெஸ் கீது. நைனா லாஞ்சுலேர்ந்து பேசுவாரு. ரெண்டு பேரும் ஒரே டைம்ல பேசினா ஒண்ணும் கேக்காது. ஓவர் சொல்லிட்டு மைக் பட்டன்லேர்ந்து கட்டைவிரல எட்த்துட்டு கம்முனு இருக்கணும். அப்பதான் அவுரு பேசறது வரும்."

யோசித்துப் பார், அந்தப் பையனுக்குப் பேச்சு என்பதே மைக்கில் பழகியது. இங்கிலீஷ் இருக்கட்டும், எதைப் பேசினாலும் முடிக்கும்போது அவனுக்கு ஓவர் தேவைப்பட்டது. அது இல்லாவிட்டால் வாக்கியம் அந்தரத்தில் தொங்குகிற மாதிரி இருக்குமாம். அந்த மாதம் முழுக்க வகுப்பே ஓவர் போட்டுப் பேசியது. "பேனா குடு ஓவர்." "தர முடியாது போடீ ஓவர்." கிண்டலில் ஆரம்பித்தோம், ஆனால் ஒரு விஷயம் கவனித்தேன். ஓவர் வந்த பிறகு எங்கள் வகுப்பில் ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் குறுக்கே விழுவது நின்றுபோனது. தமிழ் சாருக்கே ஆச்சரியம்.

கரண்ட் போனால் மட்டும் எல்லாம் படுத்துவிடும். எண்ணூர்ப் பக்கம் திரும்பினால் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் தெரியும், மொட்டை மாடியில் துணி காயப்போட்டால் அதன் சாம்பல்கூட எங்களுக்கு வரும். கரண்ட் மட்டும் வராது. இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் கெட்ட வார்த்தைக்குப் போய்விடுவேன், விடு.

காலாண்டு மார்க் வந்தது. தீபனுக்கு இங்கிலீஷில் பதினாறு. பேசத் தொடங்கிவிட்டானே தவிர எழுத்து இன்னும் கடலிலிருந்து கரைக்கு வரவில்லை.

எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. எங்கள் பள்ளியில் மட்டும் என்று பொய் சொல்ல மாட்டேன். பொதுத் தேர்வு முடிவு வந்ததும் வாசலில் 'நூற்றுக்கு நூறு தேர்ச்சி' என்று பேனர் கட்ட வேண்டும். அதற்குச் சுலபமான வழி, தேறாது என்று தோன்றுகிற பிள்ளையின் பெயரைத் தேர்வு எழுதுகிறவர்கள் பட்டியலிலேயே சேர்க்காமல் விடுவது. வீட்டாரைக் கூப்பிட்டு டிசி வாங்கிக்கொள்ளச் சொல்வார்கள், வெளியிலிருந்து தனியாகப் பரீட்சை எழுதிக்கொள்ளலாம் என்பார்கள். அப்படிப் போனவர்களில் பரீட்சை எழுதிய ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

தீபனின் அம்மாவை ஹெட்மாஸ்டர் கூப்பிட்டிருந்தார். வராண்டாவில் அந்த அம்மா நின்றது எங்கள் வகுப்புக்குத் தெரிந்தது, கேட்கவும் செய்தது. "சார், இவன் கடலுக்குப் போறேன்னு தான் குதிக்கிறான். நான்தான் புட்ச்சி வெச்சிகினு கீறேன். பத்தாவதாவது முட்ச்சிட்டு போட்டும் சார். ஒரு பேப்பராவது கைல இருக்கட்டும்."

"இருக்கறவங்க பேரைக் கெடுக்க முடியாதும்மா. திங்கக்கிழமை லிஸ்ட் அனுப்பணும்."

பர்வீன் மிஸ் வகுப்பை அப்படியே விட்டுவிட்டு வெளியே போனார். "சார், அவன் இங்கிலீஷ் பேசறான்."

"யாரு? இவனா? எங்க, பேசச் சொல்லுங்க."

தீபனுக்கு ஹெட்மாஸ்டரைக் கண்டால் தமிழே வராது. நின்றான். காலைப் பார்த்தான். அவன் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். மிஸ் சட்டென்று, "வீடியோல பேசுவான் சார். திங்கக்கிழமை காட்டறேன்" என்று சொல்லிவிட்டார். அந்த நிமிஷம் வரை அப்படி ஒரு வீடியோ மிஸ்ஸின் மனசில்கூட இல்லை என்று பின்னால் எங்களிடம் ஒப்புக்கொண்டார்.

கேமரா போன் இருந்தது என் அப்பாவிடம். ஆகவே கேமராமேன் நான். சனிக்கிழமை காசிமேடு. ஐஸ் உடைக்கிற மெஷின் சத்தம், கால் வைத்த இடமெல்லாம் வழுக்கல், என் புது செருப்பு அன்றோடு காலி. தீபன் போனைப் பார்த்ததும் சிலையாகிவிட்டான். அரை மணி நேரம் திட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். கடைசியில் அவன் மாமா ஐஸ் கடையிலிருந்து கெட்டுப்போன ஒரு பழைய ஒயர்லெஸ் மைக்கைத் தூக்கிப் போட்டார். "இத்த கைல புட்ச்சிக்கடா."

அதைப் பிடித்ததும் பயல் பேச ஆரம்பித்தான். ஒரு வாக்கியம், ஓவர், கட்டைவிரலை எடுப்பான், சும்மா நிற்பான். நாலைந்து நொடி. மறுபடி ஒரு வாக்கியம். எனக்கு பேஜாராகிவிட்டது.

"இன்னாடா நடுவுல நடுவுல கம்முனு நிக்கிற? போன்ல இடம் இல்லடா. நிக்கறதெல்லாம் வெட்டிடறேன்."

"வெட்டாதமே."

"ஹெட்மாஸ்டரு மறந்துட்டேன்னு நெனைப்பாருடா."

"வெட்டினா அப்பால எங்கூட பேசாத." அவ்வளவுதான் சொன்னான். காரணம் சொல்லவில்லை. எனக்கு வெட்டவும் தெரியாது, மிரட்டல்தான். அப்படியே விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை ஹெட்மாஸ்டர் ரூம். மேஜை மேல் மிஸ்ஸின் லேப்டாப், சாக்பீஸ் டப்பா முட்டு. மேஜையின் மறுபக்கம் எங்கள் வகுப்புப் பட்டியல், நாற்பத்திரண்டு பெயரோடு. எடுத்தவள் நான் என்பதால் நானும் உள்ளே. தீபன் கதவுக்கு வெளியே. இந்தத் தடவை மிஸ் சத்தத்தை முழுசாக வைத்திருந்தார்.

"குட் மார்னிங் சார். மை நேம் இஸ் தீபன். ஓவர்." விரலை எடுத்தான். நின்றான். பின்னால் ஐஸ் மெஷின் மட்டும் ஓடியது.

"அவ்ளோதானா?" என்றார் ஹெட்மாஸ்டர்.

"திஸ் இஸ் காசிமேடு. திஸ் ஐஸ் இஸ் ஃபார் ஃபிஷ். நாட் ஃபார் ஜூஸ். ஓவர்." மறுபடி நின்றான்.

"பாருங்க மிஸ். ஒரு வரி சொல்றான், மறந்துடறான், முழிக்கிறான். இதை வெச்சிக்கிட்டு நான் என்ன பண்றது?" அவர் பட்டியலைத் தன் பக்கம் இழுத்தார்.

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் முழிக்கவில்லை. தலையை லேசாகச் சாய்த்து, மைக்கைக் காதுப் பக்கம் வைத்திருந்தான். எடுத்தபோது எனக்கு எரிச்சலில் கண் தெரியவில்லை. மறப்பதாவது மண்ணாவது, நாங்கள் பதில் பேச அவன் இடம் விட்டுக்கொண்டிருக்கிறான்.

"மை ஃபாதர் இஸ் இன் தி சீ. டென் டேஸ். மை மதர் இஸ் நாட் ஸ்லீப்பிங். ஓவர்."

விரல் எழுந்ததும் நான் சத்தமாகச் சொன்னேன். "ஒய் ஷீ இஸ் நாட் ஸ்லீப்பிங், தீபன்?" முதல் மார்க் வாங்குகிறவளின் இலக்கணத்தைப் பார்த்துக்கொள்.

திரையில் அவன் சொன்னான்: "பிகாஸ் விண்ட். ஓவர்."

ஹெட்மாஸ்டர் என்னைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். அடுத்த இடைவெளியை மிஸ் பிடித்துக்கொண்டார், "ஆர் யூ அஃப்ரெய்ட்?" என்று கேட்டார். "எவ்ரி டைம். பட் ஐ ஆம் நாட் டெல்லிங் மை மதர். ஓவர்." எங்கள் மூன்று பேருக்கும் தெரியும் இது சனிக்கிழமை எடுத்தது என்று. இருந்தாலும் அந்த ரூமில் ஒரு பையன் எங்களோடு பேசிக்கொண்டிருந்தான்.

அப்புறம் அவன் கேமராவை நேராகப் பார்த்தான். எடுத்தபோது ஒரே ஒரு தடவை பார்த்தது அதுதான். "சார். வாட் இஸ் யுவர் ஃபாதர் டூயிங்? ஓவர்."

ஐஸ் மெஷின் ஓடியது. மிஸ் தரையைப் பார்த்தார். ஹெட்மாஸ்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "மில்..." என்றார். கண்ணாடியைச் சட்டையில் துடைத்தார். "மில் வொர்க்கர்."

"வெரி ஹார்ட் வொர்க், சார். ஓவர்."

போனில் இடம் தீர்ந்து வீடியோ அங்கேயே நின்றது.

ஹெட்மாஸ்டர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு பேனாவைத் திறந்து நாற்பத்து மூன்றாவதாக ஒரு பெயரை எழுதினார். "ஃபெயிலானா நீங்கதான் பதில் சொல்லணும் மிஸ்" என்று குரலில் கொஞ்சம் கடுமையைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டார். கதவைத் திறந்து வெளியே போய் தீபன் முன்னால் நின்று இங்கிலீஷிலேயே கேட்டார்: "வாட் இஸ் தி நேம் ஆஃப் யுவர் ஃபாதர்ஸ் போட்?"

தீபன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். எழுதின பெயரை அடித்துவிடப் போகிறாரே!

ஹெட்மாஸ்டர் இரண்டு நொடி யோசித்தார். "ஓவர்" என்றார்.

"பெரியபாளையத்தம்மன் சார், ஓவர்!"

இந்தக் கதையை நான் இங்கேயே நிறுத்தினால் அழகாக இருக்கும். ஆனால் முடிவு என்ன ஆனது என்று நீ கேட்பாய். தீபன் இங்கிலீஷில் ஐம்பத்திரண்டு. கணக்கில் முப்பத்து மூன்று, அதாவது ஃபெயில். கணக்கு சாரிடம் வீடியோ இல்லை. அந்த வருடம் பள்ளி வாசலில் பேனர் கட்டவில்லை. ஹெட்மாஸ்டர் மிஸ்ஸை ஒரு வாரம் ஏறிட்டுப் பார்க்கவில்லை என்று கேள்வி. பயல் உடனடித் தேர்வு எழுதி கணக்கையும் தேற்றினான். அவன் அம்மா அந்தச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டினார், அதன் கீழே நின்று டாட்டா காட்டிவிட்டு அவன் கடலுக்குப் போனான். இப்போது லாஞ்சு ஓட்டுகிறான்.

இரண்டு வருடம் முன்னால் திருவொற்றியூர் மார்க்கெட்டில் பார்த்தேன்.

"இன்னாமே, ஆபீஸரம்மா, ஆளே மாறிட்ட?"

"நீ இன்னாடா, ஆளே கறுத்துட்ட?"

பெரிய கப்பல் ஒன்று அவன் வலையைப் பார்த்து நேராக வந்ததாம். மைக்கை எடுத்து, ஷிப் ஷிப், மை நெட் இஸ் ஹியர், ப்ளீஸ் கோ லெஃப்ட், ஓவர் என்றானாம்.

"திரும்புச்சா?"

"எங்க திரும்புது? வலை பூட்ச்சி. ஆனா பதில் சொன்னாம்மே! சாரி கேப்டன்னு சொன்னான். என்னைய கேப்டன்றான்!" வலை போனதைச் சொல்லும்போது அவன் சிரித்த மாதிரி ஒரு சிரிப்பை நான் எந்த ஆபீஸிலும் பார்த்ததில்லை.

அந்த வீடியோ இப்போது யாரிடமும் இல்லை. அப்பாவின் போன் ஒரு மழையில் தண்ணீர் குடித்துச் செத்தது, மிஸ்ஸின் லேப்டாப்பும் அப்படித்தான். மிஸ் கல்யாணமாகி ஊரை விட்டுப் போனார், நம்பர் மாறிவிட்டது. ஹெட்மாஸ்டர் ஓய்வு பெற்றார். சுவருக்கு வெள்ளையடித்து டிவி மாட்டினார்கள், அதில் பாடம் முழுச் சத்தத்தோடு தானே ஓடுகிறது, யாரும் எழுந்து நிற்க வேண்டியதில்லை. பசங்கள் பெரும்பாலும் தனியார் பள்ளிகளுக்குப் போய்விட்டார்கள். பத்தாம் வகுப்பில் பி பிரிவு என்று ஒன்று கிடையாது, ஏ பிரிவில் பதினெட்டுப் பேர்.

இந்த ஜூனில் அந்தப் பள்ளியிலிருந்து இரண்டு டீச்சர்கள் எங்கள் தெருவில் வீடு வீடாக ஏறி, பட்டியலில் சேர்ப்பதற்கு ஒரு பிள்ளையாவது இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.